முன்விளிம்பு

செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தாள் ஓய் லிங்.
மேசையில் வைத்ததும்
ஜெலுத்தோங் அலுவலகம் முழுக்கச்
சேற்று வாடை.
"இதுதான் கூரை" என்றாள்.

இரண்டு உள்ளங்கை சேர்ந்த அகலம்.
தேன் நிறம். விளக்குக்கு நேரே பிடித்தால்
என் விரல்கள் மறுபக்கம் தெரிந்தன.
லாட நண்டு கழற்றிப் போட்ட ஓடு.
நண்டென்று பேர், நண்டில்லை.
மலாயில் பெலாங்காஸ் என்பார்கள்,
ஒட்டியே திரியும் ஜோடிகளையும் அப்படித்தான் சொல்வார்கள்.
இது தனியாகக் கிடந்ததாம்,
தெலுக் கும்பாரில், நீர் வற்றிய நேரம்,
உள்ளே ஒரு பிடி மணலோடு.

நான் கணக்குப் போடுகிறவன்.
கட்டடத்தைக் கம்பியாக, சிமெண்டாக,
ஆள்கூலியாகப் பார்ப்பது என் பிழைப்பு.
அவள் பதினொரு இரவு வரைந்ததை
இரண்டே நாளில் எண்ணி முடித்தேன்:
கூரைப் பலகை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு,
ஒன்றைப்போல் ஒன்றில்லை.
ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு.
அச்சுக்கு அறுநூறு ரிங்கிட், குறைந்தது.
ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
முதுகில் ஒரு மூட்டுக்கூட இல்லை,
ஒரே வார்ப்பு.
எந்தக் குத்தகைக்காரன் போட்டது?
ஒழுகாது என்று
எத்தனை வருடத்துக்கு எழுதிக்கொடுத்தான்?

அருங்காட்சியகக் குழுவின் டத்தோ
மாதிரியை மூன்று முறை சுற்றி வந்தார்.
கண்கள் இருந்த இரு மேடுகளின் வழியே
வெளிச்சம் இறங்குவது பிடித்திருந்தது.
வால், கடலுக்குள் நீளும் நடைபாலம்:
அது இன்னும் பிடித்திருந்தது.
"வாசல் எங்கே?"

ஓய் லிங் ஓட்டைக் கவிழ்த்துக் காட்டினாள்.
வாய் அடியில் இருந்தது,
கால்களுக்கு நடுவே.
"மந்திரி வந்தால் இதற்குள்ளா குனிவார்?"
யாரோ சிரித்தார்கள்.
கறிபாப் தட்டு ஒரு கைக்கு மாறியது.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
முன்விளிம்பு நெடுகிலும் ஒரு கீறல்,
நகம் நுழையும் அளவு.
மற்ற நண்டுகள் பின்பக்கமாக நழுவும்.
இது முகத்துக்கு நேரே கிழித்துக்கொண்டு
முன்னால் நடந்து போகிறது,
மெத்தென்று,
போன தடவையைவிடக் கால் பங்கு பெரிதாக.

"இதுதான் வாசல்" என்றேன்.
அந்தக் கூட்டங்களில் நான் வாய் திறந்தது
அந்த ஒரு முறைதான்.

"அது வெளியே போகிற வழியல்லவா?"

ஆமாம் என்றேன்.

"அப்புறம் உள்ளே எதைக் காட்டுவது?"

ஏர்கான் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது.
தகரக் கூரை, இரண்டு சரிவு,
முகப்பில் நீலச் சாயத்தில் அலை.
செலவில் நாற்பது விழுக்காடு மிச்சம்.
திருத்திய மதிப்பீடு
என் கையெழுத்தோடுதான் போனது.

பழைய மதிப்பீட்டின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தேன்.
என்ன மொழி, என்ன அர்த்தம் என்றாள் ஓய் லிங்.
ஓடு, என்றேன்.
நீ கொண்டுவந்த இது.
கூரையில் அடுக்குகிற செம்மண் வில்லையும் அதுவே.
ஆண்டி கையில் ஏந்துவதும்.
ஓர் ஆளைப் பார்த்துச் சொன்னால்
இங்கே நிற்காதே என்று அர்த்தம்.
"இதில் நீ எழுதியது எது?"
ரப்பரைத் தேடுவதுபோல
இழுப்பறையைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனையைப் பார்க்கப் போனேன்.
சேற்றில் முளைக்குச்சிகள்,
சுவர் வரப்போகும் கோட்டில் ஆரஞ்சு நாடா.
வலையில் சிக்கிய ஒன்றை
ரோஸ்டி நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தான்,
வாலைத் தூக்கி, கால் காலாக, திட்டிக்கொண்டே.
வீசினான்.
மல்லாக்க விழுந்தது.
பத்துக் கால்களும் வானத்தைப் பிறாண்டின.
பிறகு வாலை ஊன்றி
ஒரு புரளல்.

நாடாவுக்கு அடியில் நுழைந்து,
எங்கள் கண்காட்சிக் கூடத்தைக் குறுக்கே கடந்து,
அலுவலக அறை, கழிப்பறை,
டிக்கெட் விற்கும் இடம் எல்லாம் தாண்டி
நீரை நோக்கிப் போனது
ஒரு நீளக் கோடு கிழித்தபடி.